எம்.எல்.ஏ. வீட்டுக் குழாய்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை எங்கள் சங்கத் தலைவர் மாசிலாமணியின் கால்கள். பக்கத்தில் அவருடைய காக்கிப் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சணல் கற்றை, பைப் ரெஞ்ச், ரப்பர் வாஷர்களைக் கோத்த கம்பி வளையம் என்று எல்லாவற்றையும் அந்த வீட்டின் பளபளப்பான தரையில் பரப்பி வைத்திருந்தார்.

நாங்கள் குழாய் ரிப்பேருக்குப் போகவில்லை. அது டெல்லி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு. பிளம்பர்களைப் பற்றி ஒரு மசோதா வரப்போகிறது, அதில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று மனுக் கொடுக்கப் போயிருந்தோம். மனு என் கையில்தான் இருந்தது. ஆனால் எங்கே போனாலும் முதலில் தலைவர்தான் பேச வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். தலைவரோ தொட்டிக்கு அடியில் இருந்தார்.

முன்பக்கம் கார் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மாசிலாமணி, அவரு கெளம்பிட்டாரு! வெளிய வாங்க!" என்று கத்தினேன்.

"தோ வந்துட்டன் டீச்சர். வாஷரு செத்துப்போச்சு. இத்த இப்பிடியே உட்டுட்டுப் போனா நாளெல்லாம் சொட்டும்."

"சொட்டட்டும்!"

"என்னா டீச்சர், நீங்க போயி இப்பிடி சொல்றீங்க?" தொட்டிக்கு அடியிலிருந்து வந்த குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப்போல.

கார் போய்விட்டது. எம்.எல்.ஏ.வின் மனைவி குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். வட்டாரத்தில் எல்லோரும் அவரை அண்ணி என்கிற அர்த்தத்தில் பாபிஜி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு விழவில்லை. "வாஹ் மிஸ்திரிஜி, கமால் கர் தியா!" என்று அசந்துபோய்ப் பாராட்டினார். மாசிலாமணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். எனக்கு அந்த மனுவை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

எனக்கேன் இந்த வேலை

போன வாரம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "வேலையை விட்ட பிறகாவது வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

மோதி பாக்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்தினேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்று கரும்பலகையில் கட்டம் கட்டி அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறிகளில் எங்கும் சமையலறைத் தொட்டி வராது. வந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசிலாமணியின் மூத்த மகள் என்னிடம் படித்தவள். அதனால் அவருக்கு நான் எப்போதும் டீச்சர். விழுப்புரம் பக்கத்துக்காரர். டெல்லிக்கு வந்து கட்டட வேலையில் சேர்ந்து, பிளம்பிங் கற்றுக்கொண்டு, ஆர்.கே.புரத்தில் பாதி வீடுகளின் குழாய்களுக்கு அவர்தான் மிஸ்திரி என்கிற நிலைக்கு வந்திருந்தார்.

எங்கள் வீடும் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குடியிருப்புதான். என் கணவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அரசாங்க வீட்டில் குழாய் கெட்டால் என்கொயரி ஆபீசில் புகார் எழுதி வைக்க வேண்டும், அவர்கள் ஆள் அனுப்புவார்கள் என்பது விதி. அந்த ஆள் வருவதற்குள் கீழே வைத்த பக்கெட்டில் பாசி பிடித்துவிடும். அதனால் எல்லா வீட்டிலும் புகாரையும் எழுதி வைத்துவிட்டு, மாசிலாமணியையும் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் வருகிற நேரத்தில் என் கணவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். விதியை மீறுவதைத் தன் கண்ணால் பார்க்கக் கூடாதாம்.

பிளம்பர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஒரிசாக்காரர்கள் நிறையப் பேர், பீகார், உ.பி. ஆட்கள், கொஞ்சம் தமிழர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் செக்டர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் கூடுவார்கள். யாரிடமும் வாய் கொடுக்கத் தயங்காதவர் என்பதால் மாசிலாமணியைத் தலைவராக்கியிருந்தார்கள். அவர் இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறி நிற்கும். ஆனால் குரலுக்குப் பயந்து யாரும் திருத்தமாட்டார்கள்.

ஒரு நாள் கையில் ஒரு கற்றைக் காகிதத்தோடு வந்து நின்றார். "டீச்சர், இத்தப் படிச்சி என்னான்னு சொல்லுங்க. நம்ம பொழப்பப் பத்தி சட்டம் போடறானாம்." படித்தேன். படித்து முடித்தபோது சங்கத்துக்குக் கௌரவச் செயலாளர் ஆகியிருந்தேன். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கேட்டது ஒரே ஒரு வரி

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். யாரோ தெரியாத்தனமாகக் குழாய் போட்டு, குடிதண்ணீரில் சாக்கடை கலந்து, ஒரு தெருவே வாந்தியெடுத்துப் படுத்த கதைகள் அப்போது பேப்பரில் அடிக்கடி வந்தன. இனிமேல் உரிமம் உள்ளவர்தான் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் தொடலாம் என்றது மசோதா. சரி.

உரிமம் யாருக்கு? பத்தாவது தேறி, ஒரு பயிற்சி நிலையத்தில் சான்றிதழும் வாங்கியவருக்கு. எங்கள் சங்கத்தில் பத்தாவது தேறியவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் பெஞ்சில் இடம் மிச்சமிருக்கும். மாசிலாமணி ஐந்தாவதோடு நிறுத்தியவர். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஹார்டுவேர் கடைக்காரர்களின் பிள்ளைகளும் மருமகன்களும்தான். ரெஞ்சைக் கையில் பிடிக்கமாட்டார்கள். உரிமம் அவர்களுக்குப் போய்விடும், மாசிலாமணி அவர்களிடம் தினக்கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

உரிமம் இல்லாமல் வேலை செய்தால் அபராதம். கருவிகளையும் பறிமுதல் செய்யலாம். அபராதம் என்றபோது மாசிலாமணி அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவதைக் கேட்டதும்தான் முகம் மாறியது.

"பையப் புடுங்கிடுவானா?"

"புடுங்கலாம்னு எழுதியிருக்கு."

சரோஜினி நகர் மார்க்கெட்டில் பழைய ராணுவக் கித்தானை வாங்கித் தானே தைத்த பை அது. அவர் அதைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். 

நாங்கள் கேட்டது ஒரே ஒரு வரி. "அல்லது பத்து வருட வேலை அனுபவத்தோடு செய்முறைத் தேர்வில் தேறியவர்." குழாயைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டோம். இதற்காக எத்தனை எம்.எல்.ஏ. வீடுகளுக்கு அலைந்தோம்! எல்லா வீட்டிலும் ஒரே நாடகம். வாசலில் பையைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா, "அச்சா, மிஸ்திரி வந்துட்டாரா" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்க், ஒரு வீட்டில் மாடித் தொட்டி, ஒரு வீட்டில் தோட்டத்துக் குழாய். ஒழுகுவதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை.

"பைய வீட்டுல வச்சிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்?" என்று கேட்டால், "பிளம்பரு பையில்லாம தெருவுல போனா நல்லாவா இருக்கும்?" என்பார். அது அவர்களிடையே ஒரு வழக்கம். எந்த மிஸ்திரியும் பையில்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டான். கல்யாண வீட்டுக்குக்கூடப் பையோடு வந்து, சாப்பிடும்போது காலுக்கடியில் வைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

தவிர, மாசிலாமணிக்குப் புகழ் பிடிக்கும். பெரிய வீட்டுப் பெண்மணி ஒருத்தி "வாஹ்" என்று சொல்லிவிட்டால் போதும், வந்த காரியம் மறந்துவிடும்.

இஸ்திரிச் சட்டை

பொறுக்க முடியாமல் ஒரு நாள் உத்தரவு போட்டேன். நாளைக்கு பாபிஜி வீட்டுக்குப் போகிறோம். இஸ்திரி போட்ட சட்டை. பை கிடையாது. மீறினால் நான் செயலாளர் இல்லை.

குளிர்காலக் காலை. கை விறைத்தது. மாசிலாமணி வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், தலையில் எண்ணெய் என்று மாப்பிள்ளை மாதிரி வந்தார். தோளில் பை இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நடந்தார். கேட்டில் வழக்கமான காவல்காரர்தான். எங்களைப் பார்த்து, "கோன்?" என்று யாரெனக் கேட்டார்.

"அரே பையா, மே ஹூம்!" என்றார் மாசிலாமணி, நான்தான் என்று.

"மே கோன்?"

"உங்க வீட்டுக் குழாய ரிப்பேர் பண்ற மிஸ்திரி" என்று இந்தியில் விளக்கினார். காவல்காரர் மேலும் கீழும் பார்த்தார். "மிஸ்திரியா? உன் பை எங்கே?" என்று கேட்டார். நான் மனுவைக் காட்டினேன். மனுக் கொடுக்கிறவர்கள் கட்சி ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, கேட்டைச் சாத்திவிட்டார். மாதக்கணக்காக அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போய் வந்துகொண்டிருந்த ஆள், சாத்திய கேட்டுக்கு வெளியே நின்றார்.

அன்று திரும்பி நடக்கும்போது மாசிலாமணி என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். பாயவில்லை. "இத்தினி நாளா எவனும் என் மூஞ்சியப் பாக்கல டீச்சர். பையத்தான் பாத்திருக்கான்" என்றார். பையோடு போனால் உள்ளே விடுவார்கள், பேச விடமாட்டார்கள். பையில்லாமல் போனால் உள்ளேயே விடமாட்டார்கள். இதற்கு எந்த அம்புக்குறியைப் போடுவது?

மேஜையைத் தட்டினார்கள்

மறுநாள் பையோடு போனோம். கேட் திறந்தது. உள்ளே, எம்.எல்.ஏ. தோளில் துண்டும் தலையில் குல்லாயுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வெந்நீர் வரவில்லையாம். மாசிலாமணி நேராகக் குளியலறைக்குள் போய்விட்டார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. வெந்நீர் வராமல் இந்த மனிதரால் எழுந்து போக முடியாது என்பது என் மரமண்டைக்குக்கூடப் புரிந்துவிட்டது.

சங்கத்து முடிவை மூட்டை கட்டி வைத்துவிட்டு நானே பேசினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவரும் கேட்டார். வேறு வழி? கடைசியில், "டீக் ஹை டீச்சர்ஜி, அந்தத் திருத்தத்தை நானே கொண்டுவருகிறேன்" என்றார். சொன்னபடி கொண்டும் வந்தார், அதை மறுக்கக் கூடாது.

மசோதா விவாதத்துக்கு வந்த அன்று எங்களுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. மாசிலாமணியின் பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாடி ஏறினார்.

எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். என்ன பேச்சு! தன் வீட்டுக்கு ஒரு மிஸ்திரி வருவதாகவும், படிக்காதவர் என்றும், ஆனால் அவர் கை வைத்தால் வெந்நீர் தானாக வரும் என்றும், அந்தக் கைகளுக்கு இந்தச் சபை மரியாதை செய்ய வேண்டும் என்றும் உருகினார். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். மாசிலாமணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்னத்தான் சொல்றாரு டீச்சர். என்னத்தான்!" என்று காதோரம் சொன்னார். காவலர் உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார்.

பிறகு அமைச்சர் எழுந்தார். உறுப்பினரின் உணர்வை மதிக்கிறேன், விதிகள் வகுக்கும்போது இதைப் பரிசீலிப்போம் என்று ஒரே வாக்கியம் சொன்னார். எங்கள் எம்.எல்.ஏ. கைகூப்பி, "அமைச்சரின் உறுதிமொழியை ஏற்றுத் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார். மறுபடி மேஜையைத் தட்டினார்கள். மசோதா அப்படியே நிறைவேறியது. எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

மாசிலாமணி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்வரை சந்தோஷமாகவே வந்தார். சபையில் மேஜை தட்டினால் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம் என நினைத்திருந்தார். "ஒரு கிலோ லட்டு வாங்கிரலாமா டீச்சர்? பசங்க பார்க்குல காத்துக்கிட்டிருப்பானுங்க."

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மாசிலாமணி, அந்த வரி சேரல. அவரே வாபஸ் வாங்கிட்டாரு."

"என்னப் பத்திப் பேசினாரே?"

"பேசினாரு. பேசிட்டு வாபஸ் வாங்கிட்டாரு."

அவர் கொஞ்ச நேரம் வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நம்பர் வந்து போனது. அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. இருபது வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபெயில் மார்க்கைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றையும் இப்படி பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னதில்லை.

விதிப்படி வேலை

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அமைச்சர், எம்.எல்.ஏ., மேஜை, யாரையும் விடவில்லை. அவர் சாவகாசமாகத் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏன் இப்படிக் கத்துதே? சட்டம் வந்தாச்சுல்லா? இனிமே சட்டப்படி மாசிலாமணி அந்த எம்.எல்.ஏ. வீட்டுக் குழாயத் தொடவே கூடாது" என்றார்.

"தொட்டா பையப் புடுங்குவாங்க. அதான் தெரியுமே."

"தொடாட்டா?"

நான் பார்த்தேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "எங்க ஆபீசுல ஸ்டிரைக் பண்ண முடியாதப்ப என்ன செய்வோம்? விதிப்படி வேலை செய்வோம். ஒரு ஃபைலும் நகராது. யாரும் ஒண்ணும் கேக்கவும் முடியாது." இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மனிதரை நான் மனதாரப் பாராட்டிய நாட்கள் கொஞ்சம். அதில் அது ஒன்று.

அப்போதுதான் எங்கள் முட்டாள்தனம் முழுசாக உறைத்தது. சட்டம் போடுகிறவர்களின் வீடுகளில் ஒரு குழாயைக்கூட நாங்கள் ஒழுக விடவில்லை. மனுவோடு போன ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய கஷ்டத்தைத் தீர்த்துவிட்டு, எங்களுடையதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு யாருக்கு என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பேசி முடிவெடுத்தார்கள். நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். உரிமம் கிடைக்கும்வரை சட்டமன்றத்துக்காரர்கள் வீட்டில் யாரும் வேலை செய்வதில்லை. உரிமம் வைத்திருப்பவருக்குக் கூலியாகவும் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். கடைசியாகக் கையைத் தூக்கியவர் தலைவர்.

பாபிஜியின் போன்

சங்கத்தின் தொலைபேசி எண் எங்கள் வீட்டு எண்தான். சீக்கிரமே மணி அடித்தது.

"டீச்சர்ஜி, மிஸ்திரியை அனுப்புங்கள். சமையலறைக் குழாய்." பாபிஜி.

"மன்னிக்கணும் பாபிஜி. அவரிடம் உரிமம் இல்லை. சட்டம் வந்துவிட்டதே" என்று என்னால் முடிந்த அளவு இனிப்பான இந்தியில் சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார்.

இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை, உரிமக்காரர் வந்து போனதைச் சொன்னார். ஹார்டுவேர் கடைக்காரரின் மருமகன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு சொந்தக்காரனை விட்டுத் திருகச் சொன்னாராம். சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஒழுகுகிறதாம்.

எனக்கு இதெல்லாம் தேனாக இருந்தது. மாசிலாமணிக்குத்தான் நரகம். தினம் சாயங்காலம் வந்து எங்கள் வீட்டு வாசல் படியில் உட்காருவார்.

"இன்னிக்கும் போன் வந்துச்சா?"

"வந்துது."

"எந்தக் கொழாயாம்? நான் வாஷரு போட்டதா?"

"அதேதான்."

"மரையக் கெடுத்திருப்பான். சணலே சுத்தியிருக்கமாட்டான், படுபாவி." தலையில் கையை வைத்துக்கொள்வார். "டீச்சர், ஒரே ஒரு சுத்து. ஊட்டுக்காரருக்குத் தெரியாம போயி, அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு, ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறன். தண்ணி வீணாப் போவுதே."

"போனீங்கன்னா நான் செயலாளர் இல்ல."

ஒரு நாள் பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டார். "இங்கியே இருக்கட்டும் டீச்சர். தோள்ல இருந்தா கால் தானா அங்க போயிடும்." அரசாங்கம் பறிமுதல் செய்ய வேண்டியதை அவரே பறிமுதல் செய்து என்னிடம் ஒப்படைத்துவிட்டார். யாரும் உரிமம் கேட்காத மற்ற வீடுகளுக்குப் போகும்போது காலையில் வந்து எடுத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்ப வைத்துவிட்டுப் போவார். அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேலை தெரிந்த ஒருவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஒரு வரி நகரும் என்றால், இந்தப் பாடத்தை நான் எந்த முகத்தோடு நடத்தினேன்?

கடைசிப் போனில் பாபிஜியின் குரல் மாறியிருந்தது. மற்ற எம்.எல்.ஏ. வீடுகளிலும் யாரும் வருவதில்லை என்று கேள்விப்பட்டுவிட்டார்.

"டீச்சர்ஜி, நேரே சொல்லுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்?"

"நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். விதிகளில் ஒரு வரி சேர்ப்பதாக அமைச்சர் சபையில் உறுதி சொன்னார். உங்கள் வீட்டுக்காரர்தான் அதை நம்பித் திருத்தத்தை வாபஸ் வாங்கினார். அதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள், போதும்."

பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழுவது கேட்டது. "பஸ், இத்னி சி பாத்?" என்றார் பாபிஜி. இவ்வளவுதானா என்று கேட்டார். நாங்கள் தெருத்தெருவாக அலைந்ததை நினைத்துக்கொண்டேன். "இவ்வளவுதான் பாபிஜி" என்றேன்.

அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் விதிகள் வெளிவந்தபோது அந்த வரி இருந்தது. பத்து வருட அனுபவம், செய்முறைத் தேர்வு. கிட்டத்தட்ட நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகள்.

மறுபடியும் அதே கேட்

மாசிலாமணி தேர்வில் தேறினார். தேர்வு நடத்தியவரிடம் ரெஞ்ச் பிடிக்கும் விதத்தைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுத்தான் தேறினார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். உரிம அட்டை கைக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். செருப்பு அலமாரியிலிருந்து பை இறங்கியது.

"வாங்க டீச்சர், பாபிஜி ஊட்டுக்குப் போவலாம்."

மாசிலாமணி வேகமாக நடந்தார். என்னால் கூட நடக்க முடியவில்லை. அந்தக் குழாய் அவருக்கு அப்படி வலித்துக்கொண்டிருந்தது. கேட்டில் அதே காவல்காரர். தூரத்திலேயே பையைப் பார்த்துவிட்டு, எழுந்து கேட்டைத் திறந்தார். "ஜல்தி ஜாவோ, பாபிஜி காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார்.

மாசிலாமணி உள்ளே போகவில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதெல்லாம் வேண்டாம். உள்ளே போ" என்றார் காவல்காரர், அட்டையைப் பார்க்காமலே.

"படோ, பையா" என்றார் மாசிலாமணி. "நாம் படோ." பேரைப் படிக்கச் சொன்னார்.

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் மாசிலாமணியைப் பார்த்தேன். உள்ளே பாபிஜி யாரையோ பக்கெட்டை மாற்றச் சொல்லிக் கத்துவது வாசல்வரை கேட்டது. காவல்காரர் வேண்டாவெறுப்பாக அட்டையை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இந்தி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார். "மா... சி..."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாசிலாமணி, உள்ள சொட்டிக்கிட்டு இருக்கு. வாங்க!"

அவர் காவல்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொட்டட்டும் டீச்சர்" என்றார்.